காம்பரா காலி

போன ஞாயிற்றுக்கிழமை பதுளையிலிருந்து ஒரு காரியமாக லுணுகலைக்கு வந்தவன், சலூனில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். முடி வெட்டிக்கொள்ள என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பின்னந்தலையில் கொஞ்சம், காதோரம் கொஞ்சம், அவ்வளவுதான் என் சொத்து. சலூன்காரத் தம்பி ரவி அதற்கும் வஞ்சகமில்லாமல் முழுத் துணியையும் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, பெரிய வேலை ஒன்றைத் தொடங்குகிறவன் மாதிரி கத்திரிக்கோலை ஆட்டிப் பார்த்துக்கொண்டான். கண்ணாடிக்கு மேலே டீவியில் ஏதோ வெளிநாட்டு புட்போல் ஓடிக்கொண்டிருந்தது. பிரீ கிக். தடுக்கிற கட்சிக்காரர்கள் தோளோடு தோள் ஒட்டிச் சுவர் மாதிரி நின்றார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு வாட்டசாட்டமான மனிதர் புல்லில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

“இது என்ன கூத்து ரவி? அந்தாளுக்கு உடம்புக்கு முடியலையா?”

“இல்லண்ணே. அடிக்கிறப்ப சுவத்துல நிக்கிறவங்க எகிறுவாங்கல்ல, அப்ப கீழால பந்த உட்ருவாங்க. அதத் தடுக்கத்தான் ஒருத்தர் படுத்துக்கிறது.”

எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஆட்கள் படுத்துக் கிடந்ததுண்டு. அது தவறணைச் சாராயத்தின் கைங்கரியம். எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. அடிக்கிற கட்சிக்காரன் ஒருவனையாவது அந்தச் சுவருக்குள் காணோமே? எங்கள் காலத்தில் ஒருவன் உள்ளே போய்ச் செருகிக்கொள்வானே? கேட்டேன்.

“இப்பல்லாம் அப்படி நிக்க முடியாதுண்ணே. சட்டம் மாத்திட்டாங்க. சுவத்துக்குக் கிட்டவே வரப்படாது.”

நெஞ்சில் யாரோ முழங்கையால் இடித்த மாதிரி இருந்தது. ஐயா, உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். நான் விளையாடிய புட்போல் என்பதே அது ஒன்றுதான். எதிரியின் சுவருக்குள் போய் நிற்பது, நேரம் பார்த்துக் குனிவது. எனக்கு ஓட வராது, தலையால் முட்ட வராது, பந்தை நிறுத்தினால் அது என்னை விட்டு ஓடும். ஆனால் குனிவதில் நான் கெட்டிக்காரன். அந்தத் தொழிலையே சட்டவிரோதம் ஆக்கிவிட்டார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

ரவி வேலையை முடித்துவிட்டுக் கழுத்தில் கொஞ்சம் யூகலிப்டஸ் தைலம் தேய்த்துவிட்டான். அந்த வாசனை வந்ததோ இல்லையோ, நான் லுணுகலையில் இல்லை. மேலே, எங்கள் தோட்டத்து மைதானத்தில் இருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் பதினொரு பேரும் கெண்டைக்காலில் இந்தத் தைலத்தைத்தான் பூசிக்கொள்வோம். பூசினால் கால் சூடாகும் என்பது ஒரு காரணம். அட்டை ஏறாது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

மைதானம் என்று நீங்கள் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளக் கூடாது. மலையை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டிச் சமப்படுத்திய இடம். ஒரு கோலுக்குப் பின்னால் மண்மேடு. பெண்களும் கிழவர்களும் அதில் உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பார்கள். மறு கோலுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. தேயிலை, அதற்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே ஓடை. வலையெல்லாம் எங்களுக்கு ஏது? பந்து அந்தக் கோலைத் தாண்டிப் போனால் பள்ளத்துக்குத்தான் போகும். எங்களிடம் ஒரு நல்ல பந்தும், முட்டை வடிவத்துக்கு வந்துவிட்ட ஒரு பழைய பந்தும் இருந்தன. நல்ல பந்து பள்ளத்துக்குப் போய்விட்டால் முட்டைப் பந்தை வைத்து ஆட்டம் தொடரும். அடித்தவனேதான் இறங்கிப் போய் நல்ல பந்தை எடுத்து வர வேண்டும். அவன் வருகிற வரைக்கும் அவன் கட்சி பத்துப் பேரோடு ஆட வேண்டும். ‘அடிச்சவன் எடு’ என்று இதற்குப் பெயர். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இருக்காது, ஆனால் எங்கள் தோட்டத்தில் இதற்கு மேல் சட்டம் இல்லை.

நல்ல பந்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், மறந்துவிடுவேன். நான் அப்போது பதுளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. சனி இரவு தோட்டத்துக்கு வந்து திங்கள் விடிகாலை போவேன். பந்துக்குக் காற்றுப் போடுவது என் பொறுப்பு. டயர் கடையில் காற்று நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். ஒரு தடவை நெரிசலில் ஒரு அம்மா, “தம்பி, அந்தப் புள்ளய இப்படிக் குடு, நான் வச்சுக்கிறேன்” என்று கையை நீட்டினார். துண்டால் சுற்றியிருந்தேன் அல்லவா, பிள்ளை என்று நினைத்துவிட்டார். நானும் கொடுத்துவிட்டேன். பாவம், வழி நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பிரிவு; எங்கள் மேல் டிவிசன் டீமில் இரண்டு பேர் முக்கியம். ஒருவன் அந்தோனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் கால் பட்டால் பந்து வெடிக்கிற சத்தம் கேட்கும், அதனால் வெடி அந்தோனி. பிரீ கிக் கிடைத்தால் அவனுக்கு ஒரே கொள்கை: நேராக அடி. பத்தில் ஒன்று கோலுக்குள் போகும். மீதி ஒன்பதும் பள்ளத்துக்குப் போகும், பின்னாலேயே அந்தோனியும் போவான். பாதி ஆட்டம் அவன் தேயிலைக்குள்தான் இருப்பான். மேட்டிலிருந்து அவன் அம்மா, “அந்தோனி, போறதோட ரெண்டு வெறகும் பொறுக்கிட்டு வாடா” என்று கத்துவார். அவனும் பந்தை ஒரு கையிலும் விறகை மறு கையிலுமாக, தைலத்தையும் மீறிக் கால் நிறைய அட்டையோடு ஏறி வருவான்.

மற்றவன் குணா. லுணுகலையில் டீவி திருத்துகிற கடையில் வேலை. வெளிநாட்டு ஆட்டங்கள் நடக்கிற மாதமென்றால் திருத்தக் கொடுத்த டீவி ஒன்றும் அவன் கையைவிட்டுப் போகாது. “பார்ட்ஸ் வரணுங்க” என்று ஆட்களைத் திருப்பியனுப்பிவிட்டு அதே டீவியில் பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்ததை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலையில் கட்டுவான். நேராக அடிக்கிறவன் மடையன், பிரீ கிக் என்பது மூளை வேலை என்பது அவன் கட்சி. பள்ளத்தையும் சட்டத்தையும் யோசித்தால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நடைமுறைதான் காலை வாரிவிட்டது.

ஒரு தடவை மூன்று பேர் பந்தை நோக்கி ஓட வேண்டும், முதல் இரண்டு பேர் அடிப்பது போலப் பாவனை செய்துவிட்டுத் தாண்டிப் போக வேண்டும் என்றான். மூன்று பேரும் தாண்டிப் போய்விட்டார்கள். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு தடவை, யார் அடிப்பது என்று நம் ஆட்கள் இருவர் பொய்ச்சண்டை போட வேண்டும், எதிரி வேடிக்கை பார்க்கும்போது மூன்றாமவன் அடித்துவிட வேண்டும். இதற்குக் குணா தேர்ந்தெடுத்தது அண்ணன் தம்பி இருவரை. அவர்களுக்குள் ஏற்கெனவே ஒரு கோழி விவகாரம் இருந்தது அவனுக்குத் தெரியாது. பொய்ச்சண்டை நிஜச்சண்டையாகி, இரண்டு பேரின் மனைவிமாரும் மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். ஆட்டம் அன்றைக்கு அதோடு சரி.

மூன்றாவதாக அவன் கண்டுபிடித்ததுதான் ‘காம்பரா காலி’. சுவர் என்று நாங்கள் சொல்வதில்லை, லயம் என்றுதான் சொல்வோம். லயத்து வீடுகள் மாதிரி வரிசையாக ஒட்டி நிற்பதால் அந்தப் பெயர். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் காம்பரா. அதனால் நிற்கிற ஆட்களும் முதல் காம்பரா, இரண்டாம் காம்பரா என்று ஆனார்கள். திட்டம் இதுதான். எதிரியின் லயத்துக்குள் நான் போய்க் குடியேற வேண்டும். குணா “காம்பரா காலி!” என்று கத்துவான். நான் குனிவேன். என் தலை இருந்த இடத்தால் அந்தோனி பந்தை அடிப்பான். தாழ்வாக அடிப்பதால் பந்து மேலே பறக்காது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஒத்திகையில் முதல் நாளே நான் கொஞ்சம் பிந்திக் குனிந்தேன். இடது காது மூன்று நாள் ரீங்காரம் போட்டது. கடையில் முதலாளி ஆணி கேட்டால் நான் பூட்டு எடுத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் விளையாட்டோடு போயிருக்கும், ஸ்டெல்லா இல்லாவிட்டால். அந்தோனியின் தங்கச்சி. குணாவின் கடைக்கு எதிரே இருந்த துணிக்கடையில் வேலை செய்தாள். கடைக்கு எதிர்க்கடை, பஸ்ஸுக்கு ஒரே பஸ், அப்புறம் என்ன? குணா கோயிலுக்குப் போகிறவன், அவள் சர்ச்சுக்குப் போகிறவள். எங்கள் தோட்டத்தில் அது ஒரு பொருட்டே இல்லை என்றால் பொய். ஆனால் பொங்கலும் கிறிஸ்மஸ் கேக்கும் வாசல் மாறிப் போய்வருகிற இடம்தான். தடையாக இருந்தது அந்தோனி. டீவியைத் திருப்பிக் கொடுக்காதவன் தங்கச்சியை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பானா என்பது அவன் கேள்வி. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, பயிற்சி முடிந்து, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் குளித்துக்கொண்டிருந்தபோது வாய்த்தகராறு முற்றிவிட்டது.

“ஒம் மூளையில இதுவரைக்கும் ஒரு கோல் விழுந்திருக்காடா?” என்றான் அந்தோனி, தலையில் சோப்பு நுரையோடு.

“விழும்.”

“விழட்டும். ஒரே ஒரு கோல் விழட்டும். நானே அப்பாகிட்ட கூட்டிட்டுப் போய் பேசுறேன்.”

“மாதா மேல சத்தியமா?”

“மாதா மேல சத்தியமா. விழலேன்னா, நீ அந்தத் துணிக்கடைப் பக்கம் திரும்பிப் பாக்கப்படாது. வேற கடையில வேலை தேடிக்க.”

குணா யோசிக்காமல் சரி என்று தலையாட்டிவிட்டான். இரண்டு பேரின் வாழ்க்கையும் போயும் போயும் என் குனிதலில் வந்து நிற்கிறதே! அன்று முதல் கடையில், பஸ்ஸில், எங்கே இருந்தாலும் நான் குனிந்து பழகினேன். முதலாளி ஒரு நாள், “ஏன்டா, ஏதாச்சும் விழுந்துருச்சா?” என்று கேட்டேவிட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் ஆட்டம். வருஷா வருஷம் நடப்பதுதான். கீழ் டிவிசன் என்றால் வேற்று ஆட்கள் இல்லை. பாதிப் பேர் மச்சான், மீதிப் பேர் மாமன். அதனால் உதைத்துவிட்டு “வலிக்குதா மாப்ள?” என்று விசாரிப்பதும் உண்டு. ஆளுக்கு ஒரு கோல் போட்டுச் சமமாக இருந்தோம். ஆட்டம் முடியப் போகிற நேரம், பள்ளத்துக் கோலின் பக்கம் குணாவை யாரோ தட்டிவிட்டார்கள். பிரீ கிக். மத்தியஸ்தராக இருந்த பள்ளிக்கூட மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மேட்டில் ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டாள்.

அந்தோனி பந்தை வைத்தான். குணா கிட்டப் போனான். நான் எதிரியின் லயத்துக்குப் போகிற வழியில் இதைக் கேட்டேன்.

“மச்சான், நேரா மேலால அடிச்சிராதடா. ஒன்னயக் கும்புட்டுக் கேக்குறேன்.”

“நான் வாக்கு மாற மாட்டேன். ஒஞ் சொல்லுப்படியே அடிக்கிறேன். விழலேன்னா என்னயக் கேக்காத.”

கீழ் டிவிசன்காரர்கள் நான்கு பேர் லயம் கட்டி நின்றார்கள். நான் நடுவில் போய்ச் செருகிக்கொண்டேன். எனக்கு வலப்பக்கம் முருகேசு. அவனைப் பற்றி இப்போதே சொல்ல வேண்டும். ஆவணியில் கல்யாணம் ஆனவன். ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, இரண்டு தங்கச்சிகள், நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, திரைக்கு அந்தப் பக்கம் இவனும் புதுப்பெண்ணும். தனிக் காம்பரா கேட்டு தோட்டத்து ஆபீசுக்கும் மேனேஜர் துரை பங்களாவுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவன். எங்கே எந்த வீட்டில் ஆள் செத்தாலும், எந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போனாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். துக்கம் விசாரிக்க வந்தானா காம்பரா விசாரிக்க வந்தானா என்று சனங்கள் கேலி பண்ணுவார்கள்.

மாஸ்டர் விசில் ஊதினார். அந்தோனி ஓடி வந்தான். குணா அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

“காம்பரா காலி!”

நான் குனிந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் குனிந்ததே இல்லை. அதே நேரம் என் வலப்பக்கத்தில், “எங்கண்ணே? எந்த லயத்துல?” என்று ஒரு குரல். முருகேசு வரிசையை விட்டு வெளியே வந்து, குணாவைப் பார்த்து இரண்டு எட்டு நடந்தேவிட்டான். அந்தோனியின் கால் ஈரப் புல்லில் கொஞ்சம் வழுக்கியது. பந்து நான் விட்ட இடத்தால் வரவில்லை. முருகேசு விட்ட இடத்தால் போனது. கோல்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். பந்து கோலுக்குள் நுழைந்து, பள்ளத்துக்குள் இறங்கி, ஓடையைத் தேடிப் போய்விட்டது.

மேடே கூத்தாடியது. கோல் போட்டாலும் அடிச்சவன் எடுதான். அந்தோனி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பந்தெடுக்க இறங்கினான். அவன் போய்விட்டு வருகிற நேரம் இருக்கிறதே, அம்மம்மா. மாஸ்டர் ஆட்டத்தை முடித்துவிட்டார். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பந்தயம் அதற்குள் இரண்டு டிவிசனுக்கும் தெரிந்திருந்தது. குணா கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தையே பார்த்தான். முருகேசு என்னிடம் வந்து, “நெசமாவே காலி இல்லியாண்ணே?” என்று மெதுவாகக் கேட்டான்.

அந்தோனி ஏறி வந்தான். பந்தைக் கீழே போட்டான்.

“அது ஒம் பிளான் இல்லடா. முருகேசு தெரும்புனான், அதால விழுந்துச்சு.”

“அவன் ஏன் தெரும்புனான்? நான் கத்துனதாலதானே?”

“இவன் குனிஞ்ச எடத்தால போவலையே! நான் நேரா அடிச்ச கணக்குத்தான் அது.”

இரண்டு டிவிசனும் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆளுக்கு ஆள் கத்தத் தொடங்கினார்கள். மாமனெல்லாம் இங்கே, மச்சானெல்லாம் அங்கே. அப்போது ஸ்டெல்லா மேட்டிலிருந்து இறங்கி, நேராக அண்ணனின் முன்னால் வந்து நின்றாள். அத்தனை பேர் முன்னால் அவள் அப்படிப் பேசுவாள் என்று யாரும் நினைக்கவில்லை.

“அண்ணே, கோல் விழுந்துச்சா இல்லியா?”

“விழுந்துச்சு.”

“அவரு கத்தாம விழுந்திருக்குமா?”

அந்தோனி கீழே உட்கார்ந்து காலில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கடைசி அட்டையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து குணாவைப் பார்த்தான்.

“வாடா வீட்டுக்கு. அப்பா இருப்பாரு.”

நானும் கூடப் போனேன். கூப்பிடாமலே போனேன். குனிந்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? அந்தோனியின் அப்பா சவரிமுத்து காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அந்தோனி சொல்லச் சொல்லக் கேட்டார். கோபப்படவில்லை, சாமி பேரைச் சொல்லித் தடுக்கவும் இல்லை. கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எல்லாஞ் சரி தம்பி. கட்டிக்கிட்டு எங்க குடியிருப்பீங்க?”

எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருந்த குணாவிடம் அதற்குத் திட்டம் இல்லை. அவன் வீட்டுக் காம்பராவில் ஏழு பேர். சவரிமுத்து அய்யாவின் காம்பராவிலும் கால் நீட்ட இடம் இல்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது, மறுக்க யாருமில்லை. குணாவும் முருகேசு மாதிரியே காம்பரா கேட்டு நடையாய் நடந்தான். கிடைத்த பதில் இல்லை, இல்லை, பிறகு பார்க்கலாம். திரைக்குப் பின்னால் ஒரு வருஷம் இருந்து பார்த்தார்கள். அப்புறம் ஸ்டெல்லாதான் சொல்லியிருக்கிறாள், போதும், போகலாம் என்று. கொழும்புக்குக் கிட்ட வத்தளைப் பக்கம் ஒரு வாடகை அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டீம் ஒரு மூளையை இழந்தது. அடுத்த வருஷம் கோழிச் சண்டைக்கார அண்ணன் தம்பி இருவரும் கொழும்பு ஹோட்டல்களுக்குப் போனார்கள். அப்புறம் அந்தோனியே கட்டாருக்குப் போய்விட்டான்.

சலூனிலிருந்து வெளியே வந்தவன் நேரே பதுளைக்குத் திரும்பியிருக்கலாம். கால் கேட்கவில்லை. முச்சக்கரவண்டி பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். மைதானத்தில் மானாப் புல் இடுப்பளவுக்கு நின்றது. கோல் கம்பங்களைக் காணோம், யாரோ ஆட்டுப்பட்டிக்கு எடுத்திருப்பார்கள். கீழ் டிவிசன் லயத்தில் முருகேசு இருந்தான். தலை முழுக்க நரைத்து, கையில் விளக்குமாற்றோடு, லயத்து வாசல் முழுவதையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கூட்டிக்கொண்டிருந்தான். மனைவி கொழும்பில் மகளோடு. மகன் எங்கேயோ பாதுகாப்பு உத்தியோகம்.

“ஒன் வாசல மட்டும் கூட்டுனாப் போதாதா முருகேசு?” என்று கேட்டேன்.

“எல்லாம் என் வாசல்தாண்ணே இப்ப. பத்துக் காம்பராவுல எட்டு பூட்டிக் கெடக்கு. சாவி பூரா என்கிட்டத்தான் குடுத்துட்டுப் போயிருக்காங்க. கூட்டாம உட்டா பாம்பு வந்துரும்.” விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தான். “குணாண்ணன வரச் சொல்லுங்க. எது புடிச்சிருக்கோ அத எடுத்துக்கட்டும். இப்ப ஆபீசுல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

திரும்பி வருகிற வழியில் குணாவுக்குப் போன் செய்தேன். சட்டம் மாறியதைச் சொன்னேன், மனிதன் விழுந்து விழுந்து சிரித்தான். முருகேசு சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. போன் கை மாறியது. ஸ்டெல்லா.

“காம்பரா இருக்கு, சரிங்கண்ணே. பக்கத்துக் காம்பராவுல யாரு இருக்கா?”

யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முருகேசு இருக்கிறான் என்றேன்.